மறைக்கத் தெரியாத குரல்

ஓர் ஆட்டத்தைக் கண்ணாற் காண்பவர் ஆயிரக் கணக்கினர் என்றால், அதனைக் காதாற் கேட்பவர் இலட்சக் கணக்கினர். மைதானத்திலே அமர்ந்திருப்பவருக்கு ஆட்டம் கண்முன் நடைபெறுகிறது. வீட்டிலும் கடையிலும் தொழிற்சாலையிலும் வானொலிப் பெட்டியின் அருகே இருப்பவருக்கோ ஆட்டம் என்பது ஒரு குரல். அக்குரல் உயர்ந்தால் அவர் நெஞ்சும் உயர்கிறது. அது தளர்ந்தால் அவரும் தளர்கிறார். ஆண்டுக்கணக்காக அவ்வாறு கேட்டுப் பழகியவருக்கு, அக்குரலுக்கு உரியவர் அந்நியர் அல்லர். வீட்டு மனிதருள் ஒருவர். அவர் மறைந்துவிட்டார் என்ற செய்தி வரும்பொழுது, ஒருநாளும் நேரிற் கண்டிராத ஒருவருக்காக அந்த வீடுகள் துக்கம் கொள்கின்றன.

2010ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ மாநகரம் அத்தகைய துக்கமொன்றைக் கண்டது. சிக்காகோ கப்ஸ் என்னும் பேஸ்போல் அணியின் முன்னாள் வீரரும், பின்னர் இருபத்தொரு பருவங்கள் அவ்வணியின் வானொலி வர்ணனையாளராக இருந்தவருமான றொன் சன்ரோ, அரிசோனா மாநிலத்திலே தமது எழுபதாவது வயதிற் காலமானார். சிறுநீர்ப்பையிற் கண்ட புற்றுநோயும், இளமை முதல் அவரைத் தொடர்ந்து வந்த நீரிழிவும் அவரைக் கொண்டு சென்றன. அது பனிக்காலம். பனிக்காலத்திலே பேஸ்போல் ஆட்டம் கிடையாது. கப்ஸ் அணியின் இல்லமாகிய றிக்ளி மைதானம் பூட்டிக் கிடக்கும். ஆயினும் செய்தி கேட்ட மக்கள் அந்தப் பூட்டிய வாயிலைத் தேடி வந்தனர்; மலர்களை வைத்து, நின்று, நினைத்துச் சென்றனர்.

அவர்கள் எதை நினைத்தார்கள்? அவர் அடித்த அடிகளையா, பிடித்த பந்துகளையா? அவற்றையும் நினைத்தவர் உண்டு. ஆனால் கூட்டத்திற் பலர் சன்ரோ ஆடிய காலத்திற் பிறந்தே இராதவர்கள். அவர்கள் அறிந்தது அவருடைய குரலை மட்டுமே. அக்குரல் இனிய குரலன்று. தேர்ந்த சொல்வன்மை உடையதுமன்று. அதனிடம் ஒரே ஒரு குணம் இருந்தது. மனத்தில் உள்ளதை மறைக்க அதற்குத் தெரியாது.

இதிலே ஒரு வியப்பு உண்டு. மனத்தில் உள்ளதை மறைக்கத் தெரியாத இதே மனிதர், தம் உடலில் இருந்த ஒன்றைப் பத்தாண்டுகளுக்கு மேலாக உலகத்துக்கு மறைத்து வாழ்ந்தவர்.

சன்ரோ 1940ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள சியாற்றில் நகரிலே பிறந்தார். பதினெட்டு வயதிற் கப்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏறத்தாழ அதே வேளையில் நடந்த வழக்கமான வைத்திய பரிசோதனை ஒன்றிலே அவருக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தது. முதுமையிலே பலருக்கு வரும் நீரிழிவு அன்று அது. இளமையிலே தோன்றி, உடலில் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகையினது. நாள்தோறும் ஊசி மூலம் இன்சுலின் ஏற்றிக்கொள்ளாவிடின் உயிர் தரிக்க இயலாதது. அந்த இளைஞர் நூலகத்துக்குச் சென்று தம் நோயைப் பற்றித் தாமே படித்தார். கண் மங்கலாம், சிறுநீரகம் பழுதாகலாம், கால்களை இழக்க நேரலாம், வாழ்நாளே குறுகலாம் என்பனவெல்லாம் அங்கே எழுதியிருந்தன. இதை வெளியே சொன்னால் அணியிலிருந்து தம்மை நீக்கிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே வாயைக் கட்டிக்கொண்டார். காலப்போக்கில் நெருங்கிய தோழர் சிலர் அறிந்தனர்; ஊர் அறியவில்லை.

அவர் ஏற்ற பொறுப்பு எளியதன்று. பேஸ்போல், நேயர்கள் நன்கறிந்த கிரிக்கெற் ஆட்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். அணிக்கு ஒன்பது பேர். சதுரமொன்றின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். பந்தை அடித்தவர் தளம் தளமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீண்டால் ஓர் ஓட்டம். எல்லைச் சுவருக்கு அப்பாற் பந்து பறந்துவிட்டால் அது ஹோம் றன்; அடித்தவர் ஆறுதலாகவே சுற்றி வரலாம். சன்ரோ காத்தது மூன்றாம் தளம். வலக்கை ஆட்டக்காரர் ஓங்கி அடிக்கும் பந்து அந்த மூலையை நோக்கியே கண்ணிமைக்கும் பொழுதிற் பாய்ந்து வரும். பார்வையும் உடலும் ஒருங்கே விழித்திருக்க வேண்டிய இடம் அது.

நீரிழிவுக்காரருக்கோ கடும் உழைப்பின் நடுவே இரத்தத்திற் சர்க்கரை திடீரெனக் குறையும். கை நடுங்கும், கண் இருளும். தம் சர்க்கரையின் அளவை ஊசிமுனை இரத்தத்தால் ஒரு நொடியில் அறியும் கருவி அக்காலத்தில் நோயாளர் கைக்கு வரவில்லை. தம் மனநிலை மாறுவதைக் கொண்டே சன்ரோ தம் உடல் நிலையை ஊகித்தார். சோர்வு தலைகாட்டினால் உடை மாற்றும் அறைக்குட் சென்று இனிப்புத் துண்டொன்றைத் தின்று திரும்புவார். பந்து தம்மை நோக்கி வரும்பொழுது அது ஒன்றுக்கு மூன்றாகத் தெரிந்த வேளையும் உண்டென்று பிற்காலத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பார்வையாளர்கள் கண்டதோ திடகாத்திரமான ஓர் ஆட்டக்காரரை மட்டுமே.

1960ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கப்ஸ் அணிக்காக முதன்முதல் ஆடத் தொடங்கிய அவர், 1974ஆம் ஆண்டு வரை பதினைந்து பருவங்கள் ஆடினார். கடைசிப் பருவம் மட்டும் அதே நகரத்தின் மற்றோர் அணியாகிய வைற் சொக்ஸ் அணிக்காக. மொத்தம் 342 ஹோம் றன்கள் அடித்தார். ஒன்பது தடவை நட்சத்திர அணிக்குத் தெரிவானார். மூன்றாம் தளத்தைச் சிறப்பாகக் காத்தமைக்காக 1964ஆம் ஆண்டு முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தங்கக் கையுறை விருது பெற்றார். 1965ஆம் ஆண்டில் மட்டும் 164 ஆட்டங்கள் ஆடினார். நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு செய்த வேலை இது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த எண்களின் கனம் விளங்கும்.

ஆனால் அவருக்கும் அவரை நேசித்த மக்களுக்கும் இருந்த உறவு வெற்றியால் விளைந்ததன்று. கப்ஸ் அணி 1908ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகத் தொடரை வென்றதில்லை. 1945ஆம் ஆண்டுக்குப் பின்னர் அத்தொடரில் ஆடும் தகுதியையே பெறாதிருந்தது. பாட்டன் ஏமாந்தான், தந்தை ஏமாந்தான், மகனும் ஏமாறக் காத்திருந்தான் என்ற கதைதான் அவ்வணியின் கதை. 1969ஆம் ஆண்டில் விடிவு வந்துவிட்டது போலத் தோன்றியது. கோடை முழுவதும் கப்ஸ் முன்னணியில் நின்றது. யூன் மாதத்து ஆட்டமொன்றிற் கடைசி நேர வெற்றி கிட்டியதும், சன்ரோ மகிழ்ச்சி தாளாமல் வானில் எழும்பி இரு குதிகால்களையும் ஒன்றோடொன்று தட்டினார். மக்கள் ஆரவாரித்தனர். அதன்பின் உள்ளூரில் வெல்லும் நாளெல்லாம் அவர் அவ்வாறே துள்ள வேண்டும் என்றாயிற்று. எதிரணியினர் சிலர் முகம் சுளித்தனர். சிக்காகோவின் சிறுவரோ தெருத்தெருவாகக் குதிகால் தட்டிப் பழகினர்.

ஓகஸ்ற் மாத நடுவில் நியூ யோர்க் மெற்ஸ் அணியைவிட மிக முன்னே இருந்த கப்ஸ், செப்ரெம்பரிற் சரிந்து, இறுதியில் அவ்வணிக்கு எட்டு ஆட்டங்கள் பின்தங்கி முடித்தது. மெற்ஸ் அணி உலகத் தொடரையும் வென்றது. சன்ரோ அடித்த அடிகளை மறந்தவர்களும் அந்தத் துள்ளலையும் அந்தச் சரிவையும் மறந்ததில்லை. பதினைந்து பருவங்களிலும் அவர் உலகத் தொடரில் ஒருநாளேனும் ஆடவில்லை.

1971ஆம் ஆண்டு ஓகஸ்ற் 28ஆம் திகதி றிக்ளி மைதானத்திலே அவருக்கெனச் சிறப்பு நாளொன்று கொண்டாடப்பட்டது. அன்றுதான் அவர் தம் நோயைப் பலரறியச் சொன்னார். அன்று திறந்த வாயை அவர் பின்னர் மூடவில்லை. நீரிழிவு கண்ட சிறுவரைத் தேடிச் சென்று பேசினார். அவர்களுடைய பெற்றோருக்குத் தைரியம் ஊட்டினார். அவர் பெயரால் ஆண்டுதோறும் நடந்த நிதி நடைப்பயணங்கள் அந்நோயை ஆராய்வதற்காக 65 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டித் தந்தன. கப்ஸ் அணியைப் பற்றிக் கவலையே படாத பல வீடுகளிலும் அவர் மறைந்த செய்தி கண்ணீரை வரவழைத்ததற்குக் காரணம் இதுவே. ஊசியைக் கண்டு அழுத பிள்ளைக்கு, 'சன்ரோவும் போட்டுக்கொண்டவர்தான்' என்று ஒரு தாய் சொல்ல முடிந்தது.

1990ஆம் ஆண்டில் டபிள்யூ.ஜீ.என். வானொலி நிலையம் அவரை வர்ணனைக் கூடத்துக்கு அழைத்தது. ஐம்பதினாயிரம் வோற் வலுவுடைய அந்நிலையத்தின் ஒலி சிக்காகோவை மட்டுமன்றிச் சுற்றியுள்ள பல மாநிலங்களையும் எட்டக்கூடியது. பேஸ்போல் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஆட்டமுமன்று. ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். றிக்ளி மைதானத்திலே மின்விளக்கு ஏற்றப்பட்டதே 1988ஆம் ஆண்டில்தான். அதன் பின்னரும் பல ஆட்டங்கள் பிற்பகலிலேயே நடந்தன. ஆதலால் கப்ஸ் அணியின் வர்ணனை தச்சுப் பட்டறையிலும், வாகனத்திலும், நோயாளியின் படுக்கை அருகிலும், வேலையின் நடுவே ஒலிக்கும் துணையாக இருந்து வந்தது.

1996ஆம் ஆண்டு முதல் சன்ரோவின் அருகே அமர்ந்தவர் பற் ஹியூஸ் என்னும் தேர்ந்த வர்ணனையாளர். பந்து எங்கே சென்றது, யார் ஓடினார், எத்தனை ஓட்டம் என்பவற்றையெல்லாம் ஹியூஸ் தெளிந்த குரலிற் சொல்லிக்கொண்டே போவார். நாதஸ்வரம் இராகத்தை வளர்த்துச் செல்லும்போது இடையிலே தவில் அதிர்வதுபோலச் சன்ரோவின் குரல் வந்து விழும். அது விளக்கமாக இராது; பெருமூச்சாக இருக்கும், முனகலாக இருக்கும், மேசையைத் தட்டும் ஓசையாகவும் இருக்கும். கப்ஸ் வீரரொருவர் நன்றாக அடித்தால், 'ஆம், ஆம்!' என்ற கூவல் ஹியூஸின் சொல்லையும் மூழ்கடித்துவிடும்.

1998ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆம் திகதி மில்வாக்கி நகரில் நடந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. அடுத்த சுற்றுக்குச் செல்லக் கப்ஸ் அணிக்கு வெற்றி மிக மிக வேண்டியிருந்த நேரம். கடைசிப் பகுதியில் அவ்வணி 7 - 5 என்று முன்னே நின்றது. எதிரணியில் ஒரே ஒருவரை வீழ்த்தினாற் போதும். இடப்புறம் உயர்ந்து வந்த பந்து எளிய பந்துதான். வந்த பந்தைக் கப்ஸ் வீரர் தவறவிட்டார். எதிரணியின் மூவரும் ஓடி முடித்தனர். 8 - 7 என்று ஆட்டம் போயிற்று. அக்கணத்திற் சன்ரோவின் வாயிலிருந்து எழுந்தவை ஆங்கிலத்தில் இரண்டே சிறு சொற்கள். தமிழிலே 'ஐயையோ' என்பதற்கு நிகரானவை. ஆனால் அவை வந்த விதம், வீட்டில் இழவு விழுந்ததைக் கண்டவரின் ஓலம் போன்றிருந்தது. ஆட்டம் முடிந்தபின் அணியின் முகாமையாளரே வந்து வர்ணனையாளரைத் தேற்ற வேண்டியிருந்தது என்று ஹியூஸ் சொல்லுவதுண்டு. அவ்வாண்டு கப்ஸ் அணி ஒருவாறு அடுத்த சுற்றை எட்டிவிட்டது. ஆயினும் மக்கள் நினைவில் நின்றது அந்த ஓலமே.

இதைக் குறை என்று சொன்னவர்களும் உளர். வர்ணனையாளர் நடுநிலையாளராக இருக்க வேண்டும். வென்றவரையும் தோற்றவரையும் ஒரே குரலிற் சொல்ல வேண்டும். கேட்பவருக்குச் செய்தி வேண்டுமேயன்றி அழுகை வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. சன்ரோ வீரர்களின் பெயர்களைத் தடுமாறி உச்சரிப்பார் என்பதும், பந்து எங்கே போயிற்று என்பது கேட்பவருக்குத் தெரியுமுன்னரே அவர் முனகிவிடுவார் என்பதும் உண்மையே. அக்கட்சியிலே நியாயம் இல்லாமலில்லை. வர்ணனையாளர் எல்லோரும் சன்ரோவைப் போல இருந்துவிட்டால் ஆட்டத்தை அறிய வழியிராது. ஆனால் அவர் தனித்து அமர்ந்தவரல்லர். கண்ணின் வேலையை ஹியூஸ் செய்தார். கேட்பவனின் நெஞ்சு என்ன பாடு படுகிறதோ அதைச் சன்ரோ காட்டினார். தனியே அமர்ந்து ஆட்டம் கேட்கும் ஒரு முதியவர், தம்மைப் போலவே வேதனைப்படும் இன்னொருவர் உலகிலே இருக்கிறார் என்பதை அந்த முனகலால் அறிந்தார்.

2001ஆம் ஆண்டு டிசெம்பரிலே நீரிழிவின் காரணமாக அவருடைய வலது கால் முழங்காலின் கீழ் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் இடது காலும் போயிற்று. குதிகால் தட்டித் துள்ளிய கால்கள் இரண்டும் இல்லாமற் போயின. செயற்கைக் கால்களுடன் அவர் மீண்டும் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தார். தம் துன்பத்தைப் பற்றி அவர் புலம்பியதில்லை. புலம்பலெல்லாம் கப்ஸ் அணி தவறவிட்ட பந்துகளுக்கே. 2003ஆம் ஆண்டுப் பருவத்தின் முதலாம் நாள் நியூ யோர்க் மைதானத்தின் வர்ணனைக் கூடத்திலே, தலைக்கு மேலிருந்த வெப்பமூட்டியால் அவருடைய பொய்முடி கருகிய கதையைச் சொல்லிச் சொல்லி அவரும் நேயர்களும் பல ஆண்டுகள் சிரித்திருக்கிறார்கள்.

ஒரு மனக்குறை மட்டும் அவரிடம் இருந்தது. கூப்பர்ஸ்ரவுண் என்னும் ஊரிலுள்ள பேஸ்போல் புகழ் மண்டபத்தில் இடம்பெறுவதே அவ்வாட்டக்காரருக்குக் கிடைக்கும் தலையாய சிறப்பு. அதற்கு நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். 1998ஆம் ஆண்டு, பத்திரிகையாளர் வாக்களிக்கும் கடைசி வாய்ப்பிலே சன்ரோ பெற்றது 43 வீதம். அதன்பின் மூத்த வீரர்களின் குழுவும் மீண்டும் மீண்டும் அவரைத் தாண்டிச் சென்றது. தொலைபேசி அருகே குடும்பத்தோடு காத்திருந்து அவர் ஏமாந்த காட்சி, அவருடைய மகன் எடுத்து 2004ஆம் ஆண்டில் வெளியான விவரணப் படத்திலே பதிவாகியுள்ளது. தம் ஏமாற்றத்தை அங்கும் அவர் மறைக்கவில்லை. 2003ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆம் திகதி அவருடைய 10ஆம் இலக்கச் சட்டையை இனி வேறெவரும் அணிவதில்லை என்று கப்ஸ் அணி அறிவித்து, அவ்விலக்கம் பொறித்த கொடியை மைதானத்தின் இடப்புறக் கம்பத்தில் ஏற்றியபோது, தமக்கு இதுவே புகழ் மண்டபம் என்று அவர் கூடியிருந்தோருக்குச் சொன்னார்.

அந்தக் கொடியே ஏழு ஆண்டுகளின் பின்னர் அவருடைய பேழையைப் போர்த்தியது. 2010ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி, சிக்காகோவின் திருநாமப் பேராலயத்திலே நடந்த இறுதிச் சடங்கில், ஏர்னி பாங்க்ஸ், பில்லி வில்லியம்ஸ், பேர்கசன் ஜென்கின்ஸ், றண்டி ஹண்ட்லி, கிளென் பெக்கேட் ஆகிய பழைய தோழர்கள் பேழையைச் சுமந்தனர். 1969ஆம் ஆண்டில் ஒருமித்துத் தோற்றவர்கள் அவர்கள். பற் ஹியூஸ் எழுந்து இரங்கலுரை நிகழ்த்தினார். பதினைந்து ஆண்டுகள் அவர் சொல்லுக்கிடையே வந்து விழுந்த குரல் அன்று விழவில்லை. ஊர்வலம் நகர வீதிகளைக் கடந்து, றிக்ளி மைதானத்தைச் சுற்றிச் சென்றது. பின்னர் அவருடைய சாம்பல் அம்மைதானத்திலேயே தூவப்பட்டது.

அவர் மறைந்த மறு ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, பதினாறு பேர் கொண்ட குழுவிற் பதினைவர் அவருக்கு வாக்களித்தனர். புகழ் மண்டபம் திறந்தது. 2012ஆம் ஆண்டு யூலை 22ஆம் திகதி அவர் சார்பிலே மேடையேறி அந்தச் சிறப்பை ஏற்றவர் அவருடைய மனைவி. அவர் ஆடி முடித்தது 1974ஆம் ஆண்டில். அதன்பின் அவர் கணக்கில் ஓர் ஓட்டமும் கூடவில்லை, ஒன்றும் குறையவுமில்லை. முன்னர் போதாதென்று எண்ணப்பட்ட அதே எண்கள், அவர் கண்மூடியபின் போதுமானவை ஆகிவிட்டன. மகிழ்ச்சியோடு கைதட்டிய மக்களின் தொண்டை அடைத்தது இதனாலேதான். தகுதியுடையவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை அவர் காதாற் கேட்கும் காலத்திலேயே செய்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

2016ஆம் ஆண்டு நவம்பரிற் கப்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. 108 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. வெற்றியை வானொலியில் அறிவித்தவர் பற் ஹியூஸ். அந்நாட்களில் மக்கள் திரள் திரளாக றிக்ளி மைதானத்துக்கு வந்து, அதன் செங்கற் சுவர்களிலே வண்ணச் சுண்ணக்கட்டியாற் பெயர்களை எழுதினர். எழுதியவை வென்ற வீரர்களின் பெயர்கள் மட்டுமல்ல. இந்த நாளைக் காணாமலே போய்விட்ட பாட்டன்மார், தாய் தந்தையர், உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களும் சுவர் முழுவதும் நிறைந்தன. வெற்றி வந்த வேளையிலே அதைக் காணக் கொடுத்துவைக்காதவர்களை நினைத்த அந்த மக்களுக்கு, சன்ரோவும் அவர்களுள் ஒருவராகவே இருந்தார்.

அந்த வெற்றியின் கடைசிப் பந்துக்குச் சன்ரோ எவ்வாறு கூவியிருப்பார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தொரு பருவங்கள் கேட்ட குரல் அது.